மாயன் தளங்களைப் பார்க்க எந்த வழிகாட்டிச் சுற்றுலா?

மத்திய அமெரிக்காவில் பண்டைய மாயன் மக்கள் கட்டிய நகரங்களின் இடிபாடுகளான மாயன் தளங்களுக்குப் பயணம் திட்டமிடும் வாசகர்கள் பலரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். விடுதி வாசலில் ஏற்றி அங்கேயே இறக்கிவிடும் பேருந்துச் சுற்றுலாவில் சேர்வதா, நாமே தளத்துக்குப் போய் வாசலில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதா, தொல்லியல் அறிஞர் ஒருவருடன் பல நாள் சுற்றுவதா, அல்லது இன்று அங்கு வாழும் மாயன் மக்களே நடத்தும் பயணங்களில் கலந்துகொள்வதா? மெக்சிகோவின் தென்கிழக்கு, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய ஐந்து நாடுகளில் இத்தளங்கள் பரந்து கிடப்பதால், விளம்பரங்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு உண்மையில் மிகப் பெரியது.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், தளத்துக்குள் கிடைக்கும் நேரம். பயணத்தின் மொத்த நேரத்தை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டு மணி நேரச் சுற்றுலா என்று விற்கப்படும் ஒன்றில் இடிபாடுகளுக்கு நடுவே நிற்பது இரண்டு மணி நேரமாக இருக்கலாம். அதுவும் வெயில் உச்சிக்கு ஏறிய பொழுதாக இருக்கலாம். எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த நேரம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோலையே நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன்: பேசுபவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாயன் எழுத்துகளில் பெரும்பாலானவற்றைப் படிக்க இயலவில்லை. அவை வானியலும் நாட்கணக்கும் மட்டுமே பேசுகின்றன என்றும், மாயன்கள் போரறியாத குருமார்களின் ஆட்சியில் வாழ்ந்தார்கள் என்றும் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். 1952-இல் சோவியத் அறிஞர் யூரி கினோரோசோவ் அவ்வெழுத்துகளில் பல, ஒலியசைகளைக் குறிப்பவை என்று காட்டினார். 1960-இல் தத்தியானா புரோஸ்கூரியாக்கோஃப், கல்வெட்டுகளில் இருப்பவை அரசர்களின் பிறப்பு, முடிசூடல் முதலிய வரலாற்றுச் செய்திகள் என்று நிறுவினார். அதன் பிறகு அத்தளங்களின் வரலாறே புதிதாக எழுதப்பட்டது. ஆனால் பழைய கதைகள் இன்னும் சில வழிகாட்டிகளின் வாயில் உயிரோடு இருக்கின்றன. மர்மமாக மறைந்துபோன இனம், 2012-இல் உலகம் அழியும் என்று சொன்ன நாட்காட்டி, மெக்சிகோவில் உள்ள பலென்கே நகரின் அரசன் பக்காலின் கல்லறை மூடியில் விண்கலம் ஓட்டும் மனிதன் என்றெல்லாம் ஒருவர் தொடங்கினால், அவரிடம் கொடுத்த பணமும் நேரமும் வீண் என்றே கொள்ளலாம். ஒரு நெடுங்கல்லின் முன் நிற்கும்போது, “இதில் யாருடைய பெயர் இருக்கிறது? எந்த ஆண்டு?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்விக்கு மகிழ்வார்.

மூன்றாவதாக, பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மாயன் மக்கள் மறைந்துவிடவில்லை. குவாத்தமாலாவின் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மை மாயன் என்று பதிவு செய்தார்கள். அந்நாட்டில் மட்டும் 22 மாயன் மொழிகள் ஏற்பு பெற்றவை. மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் பேசப்படும் மாயன் மொழிக்கு ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட பேச்சாளர்கள் உள்ளனர். அவர்களுடைய முன்னோரின் நகரங்களைக் காட்டிச் சம்பாதிக்கும் தொழிலில் அவர்களுக்கு என்ன பங்கு என்று கேட்பது பயணிக்கும் உரிய கேள்விதான்.

விளம்பரத்தில் இல்லாத செலவுகளும், நடை, வெயில், ஈரப்பதம் ஆகியவற்றை உடல் தாங்குமா என்பதும் எஞ்சிய அளவுகோல்கள். இவற்றை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

## ஒருநாள் பேருந்துச் சுற்றுலா

மெக்சிகோவின் கான்கூன் கடற்கரை விடுதிகளிலிருந்து, யுகத்தான் மாநிலத்தில் உள்ள மாயன் நகரமான சிச்சேன் இட்சாவுக்குப் போகும் பேருந்துச் சுற்றுலாவே மிகுதியாக விற்கப்படுவது. தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றிக்கொள்ளவும் நேரம் ஆகும். வழியில் நினைவுப்பொருள் கடை ஒன்று, மதிய உணவு, சுண்ணாம்புப் பாறை உள்ளிடிந்து உருவான செனோட்டே எனும் இயற்கைக் கிணற்றில் ஒரு குளியல், வயாதொலித் நகரத்தில் சிறிது நேரம் என்று நாள் நிரப்பப்பட்டிருக்கும். தளத்துக்குள் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. எல்லாப் பேருந்துகளும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து சேர்வதால், கூட்டமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும்போதே நீங்கள் உள்ளே நுழைவீர்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் குக்குல்கான் பிரமிடைக் கண் நிறையப் பார்க்கலாம். நான்கு புறமும் 91 படிகள், உச்சியில் ஒன்று, ஆக 365 என்று வழிகாட்டி சொல்வார். கைதட்டி எதிரொலியைக் கேட்கச் செய்வார். பிரமிடின் மேல் ஏறுவது 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. 168 மீட்டர் நீளமுள்ள பெரிய பந்தாட்டக் களத்தையும் பார்த்துவிடலாம். அக்களத்தின் சுவரில் தலை துண்டிக்கப்பட்ட ஆட்டக்காரர் ஒருவரின் சிற்பம் இருக்கிறது. பலியானவர் வென்றவரா தோற்றவரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் ஐம்பது பேருக்கு ஒலிபெருக்கியில் பேசும் வழிகாட்டிக்கு, செதுக்கப்பட்டிருப்பது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்ல நேரம் இருப்பதில்லை. புனிதக் கிணறு, வட்ட வடிவ வானாய்வுக் கட்டடம், அதற்குத் தெற்கே உள்ள பழைய பகுதி ஆகியவற்றில் ஏதோ ஒன்று நிச்சயமாக விடுபடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதன்மையானது நுழைவுக் கட்டணம். சிச்சேன் இட்சாவில் கூட்டரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒன்றும் யுகத்தான் மாநில அரசுக்கு ஒன்றுமாக இரண்டு கட்டணங்கள் உண்டு. வெளிநாட்டவருக்கு அவை இரண்டும் சேர்ந்து கணிசமான தொகை. மலிவாகத் தோன்றும் சுற்றுலாக்கள் பல இக்கட்டணத்தைச் சேர்ப்பதில்லை; பேருந்து ஏறிய பிறகே தனியாக வசூலிக்கின்றன. செனோட்டேயில் உயிர்காப்பு உடைக்கும் பொருள் வைக்கும் பெட்டிக்கும் வாடகை, உணவோடு சேராத குடிநீர், பெயரை மாயன் எழுத்தில் பொறித்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பதக்கங்கள், இறுதியில் கொடுக்க வேண்டிய அன்பளிப்பு என்று பட்டியல் நீளும். டாலரில் கொடுத்தால் பாதகமான மாற்று விகிதத்தில் கழிப்பார்கள். மெக்சிகோ நாணயமான பெசோ வைத்திருப்பது நல்லது. சைவ உணவு உண்போர், அங்கு பீன்ஸ் பன்றிக்கொழுப்பில் சமைக்கப்படுவது வழக்கம் என்பதை அறிந்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வழியை முற்றிலும் ஒதுக்க மாட்டேன். கடற்கரை விடுமுறையில் ஒரே ஒரு நாளைத்தான் இதற்கு ஒதுக்க முடியும் என்றாலோ, வயதான பெற்றோர் உடன் வந்திருந்தாலோ, அயல்நாட்டுச் சாலையில் வண்டி ஓட்டத் தயக்கம் இருந்தாலோ, குளிரூட்டிய பேருந்தில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பெரிய ஆறுதல். அப்படிச் சேர்வதானால், விடியற்காலையில் புறப்பட்டுத் தளத்துக்கு நேராகப் போய், மற்றவற்றைப் பிற்பகலுக்கு வைத்திருக்கும் சுற்றுலாவாகத் தேடுங்கள். விலை சற்றுக் கூடினாலும் வேறு கூட்டம், வேறு வெயில்.

## வாசலில் அமர்த்தும் உள்ளூர் வழிகாட்டி

பெரிய தளங்கள் பலவற்றின் வாசலில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் காத்திருப்பார்கள். மெக்சிகோவில் கூட்டரசுச் சுற்றுலா அமைச்சகமும், குவாத்தமாலாவில் இங்குவாத் எனப்படும் சுற்றுலா நிறுவனமும், பெலீஸில் சுற்றுலா வாரியமும் அவர்களுக்கு அடையாள அட்டை தருகின்றன. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதை அவர்கள் அவமதிப்பாகக் கொள்வதில்லை. சிச்சேன் இட்சாவில் கட்டணம் தலைக்கு அல்லாமல் குழுவுக்கு வாங்கப்படுவது வழக்கமாதலால், நான்கைந்து பேர் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இது பேருந்துச் சுற்றுலாவைவிட மலிவாகவே முடியும். தனியாகப் போகிறவர் வாசலில் நிற்கும் வேறு இருவருடன் பேசிப் பகிர்ந்துகொள்ளலாம். எந்த மொழி, எத்தனை மணி நேரம், எந்தெந்தக் கட்டடங்கள் என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

இதன் முழுப் பயனையும் பெற வேண்டுமானால், முந்தைய இரவே அருகில் தங்க வேண்டும். சிச்சேன் இட்சாவுக்கு ஒட்டிய பிஸ்தே சிற்றூரிலோ, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வயாதொலித்திலோ தங்கி, காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போது நுழைந்தால், கடைகளை விரிக்கும் வணிகர்களும் நீங்களும் மட்டுமே இருப்பீர்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலத்தின் நேரம், யுகத்தான் மாநிலத்தின் நேரத்தைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது. கான்கூனிலிருந்து போகும்போது ஒரு மணி நேரம் மிச்சமாகும். திரும்பும்போது அது போய்விடும். மாலை விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

செலவுக் கணக்கில் வாடகைக் கார் எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை: இணையத்தில் காணும் விலையில் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்திருக்காது, கவுன்டரில் போய் நின்றதும் தொகை இரண்டு மடங்காகலாம். 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட மாயா ரயில் ஒரு மாற்று வழி. சிச்சேன் இட்சா, பலென்கே ஆகியவற்றுக்கு அதில் நிலையங்கள் உண்டு. எனினும் நிலையங்கள் பல ஊர்களிலிருந்து விலகி இருப்பதால் அங்கிருந்து தளத்துக்கு மற்றொரு வண்டி தேவைப்படும். காட்டையும் நிலத்தடிக் குகைகளையும் சிதைத்து அமைந்த பாதை என்று அத்திட்டத்தின் மீது எழுந்த எதிர்ப்பையும் அறிந்தே முடிவு செய்வது முறை.

இவ்வழி மிகச் சிறப்பாகப் பொருந்துவது ஹோண்டுராஸில் உள்ள கோப்பானுக்கு என்பேன். கோப்பான் ருயினாஸ் ஊரிலிருந்து தளம் ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். அங்கே 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் பொறித்த படிக்கட்டு ஒன்று உண்டு. அது சரிந்து கிடந்தது; 1930-களில் மீண்டும் அடுக்கியவர்களுக்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாததால், கீழ்ப்படிகள் தவிர மற்றவை வரிசை மாறிவிட்டன. ஏடுகள் கலைந்துபோன சுவடியைப் போன்ற அந்தப் படிக்கட்டின் முன் வழிகாட்டி இல்லாமல் நிற்பவருக்கு அது வெறும் அலங்காரமாகவே படும். 776-இல் நிறுவப்பட்ட ‘கியூ’ பலிபீடத்தின் நான்கு புறமும் பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு அரசர்கள் அமர்ந்திருப்பதையும், முதல் அரசர் பதினாறாமவரிடம் ஆட்சிச் சின்னத்தைக் கையளிப்பதையும் ஒருவர் விரல் நீட்டிக் காட்டும்போதுதான், ஒரு வம்சத்தின் முழு வரலாறும் ஒரே கல்லில் இருப்பது விளங்கும். சிற்ப அருங்காட்சியகத்துக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். சுரங்கம் எல்லோருக்கும் தேவையில்லை. அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது.

குவாத்தமாலாவின் டிக்காலுக்கு ஃபுளோரஸ் ஊரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். காட்டுப் பூங்காவுக்குள்ளேயே சில விடுதிகள் உண்டு. ஓர் இரவு அங்கே தங்குவது கொடுக்கும் பணத்துக்குத் தகும். நான்காம் கோயிலின் உச்சியிலிருந்து சூரிய உதயம் பார்க்க வழக்கமான நேரத்துக்கு முன்பே நுழையத் தனிச்சீட்டு வேண்டும். வழிகாட்டியும் உடன் வர வேண்டும். பல நாட்களில் மூடுபனி சூரியனை மறைத்துவிடும். உதயப் படம் எடுக்க மட்டுமே போகிறவர் ஏமாறலாம். ஊளைக் குரங்குகளின் முழக்கத்தோடு காடு விழித்தெழுவதைக் கேட்கப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் கட்டணம் பொருட்டாகாது.

## அறிஞருடன் பல நாள் பயணம்

மாயன் உலகம் ஒரே பேரரசாக இருந்ததில்லை. பகையும் உறவும் கொண்ட நகர அரசுகளின் கூட்டம் அது. டிக்காலின் அரசன் ஹசாவ் சான் கவீல் 695-இல் கலக்முல் அரசை வென்ற பிறகே டிக்கால் மீண்டும் தலைநிமிர்ந்தது. அவனுடைய கல்லறைதான் முதல் கோயிலின் அடியில் இருந்தது. கோப்பானுக்குக் கட்டுப்பட்டிருந்த சிறிய நகரமான கிரிகுவா, 738-இல் கோப்பான் அரசனைச் சிறைப்பிடித்துத் தலையை வெட்டியது. அதன் பிறகு அங்கே எழுப்பப்பட்ட நெடுங்கற்களில் ஒன்று பத்து மீட்டருக்கும் உயரமானது. ஒரு தளத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கல் ஏன் அவ்வளவு உயரம் என்று புரியாது. கோப்பானையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல தளங்களை ஒரு வரலாறாகக் கோத்துக் காட்டும் இந்த ஆற்றல்தான் அறிஞர் உடன்வரும் நீண்ட பயணத்தின் தனிச்சிறப்பு. 2018-இல் வெளியான லேசர் அளவீட்டு ஆய்வு, வடக்குக் குவாத்தமாலாவின் காட்டுக்கடியில் 60,000-க்கும் மேற்பட்ட கட்டட அமைப்புகளைக் காட்டியது. துறைக்குள் இருப்பவரால்தான் இத்தகைய செய்திகளை இடத்தோடு பொருத்திச் சொல்ல முடியும்.

விலை மிக அதிகம். அதற்கு மேல், தனியறை கேட்பவருக்குக் கூடுதல் தொகை, குவாத்தமாலா நகரிலிருந்து ஃபுளோரஸுக்கு உள்நாட்டு விமானம், எல்லைகளில் செலுத்தும் கட்டணங்கள் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அறிஞர் பயணம் முழுவதும் வருகிறாரா, இரண்டு மாலைகளில் உரை மட்டும் ஆற்றுகிறாரா என்பதை எழுத்தில் கேளுங்கள். நாளொன்றுக்கு ஒரு தளத்துக்கு மேல் அடைத்து வைத்திருக்கும் திட்டம் நல்லதன்று; நான்காம் நாளில் கற்கள் எல்லாம் ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிடும். மெக்சிகோவின் சியாப்பஸ் மாநிலத்தில் ஊசுமசிந்தா ஆற்றில் படகேறிச் சென்றால்தான் அடையக்கூடிய யாஷ்சிலானும், சுவரோவியங்களுக்குப் பெயர் பெற்ற போனம்பாக்கும் இத்தகைய பயணங்களின் கவர்ச்சி. ஆனால் அப்பகுதியின் வன்முறை காரணமாக அண்மை ஆண்டுகளில் அவை மூடப்பட்ட காலங்கள் உண்டு. மூடியிருந்தால் மாற்று ஏற்பாடு என்ன, பணம் எவ்வளவு திரும்பும் என்பது தெரியாமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

விசாவும் இங்கே சிக்கலாகும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் தனி விசா இல்லாமல் மெக்சிகோவுக்குள் நுழையலாம். பிற நாடுகளுக்கு விதிகள் வேறு. மூன்று நாடுகளைத் தொடும் பயணத்தில் ஒவ்வோர் எல்லைக்கும் தனித்தனியாக உறுதி செய்துகொள்வதும், அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் தம் விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

கல்வெட்டு, அரசியல் வரலாறு ஆகியவற்றில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களுக்கும், பத்து நாளாவது ஒதுக்கக்கூடியவர்களுக்கும் இது ஈடில்லாத வழி. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மாயன் மக்களே நடத்தும் பயணங்கள்

குவாத்தமாலாவின் அத்தித்லான் ஏரிக்கரையில் சான் ஹுவான் லா லகூனா என்ற ஊரில், திசுத்துஹில் மொழி பேசும் பெண்கள் நெசவுக் கூட்டுறவுகளை நடத்துகிறார்கள். பருத்தியை நூற்று, செடி, பட்டை, பூச்சி ஆகியவற்றிலிருந்து சாயம் எடுத்து, இடுப்பில் கட்டி இழுக்கும் தறியில் நெய்வதை அவர்களே விளக்குகிறார்கள். எதிரே சந்தியாகோ அத்தித்லானில், மஷிமோன் என்னும் தெய்வ உருவை ஊர்ச் சமயக் குழுவைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஓராண்டு தன் வீட்டில் வைத்துப் போற்றும்; அடுத்த ஆண்டு அது வேறு வீட்டுக்குப் போகும். உள்ளூர்க்காரர் உடன் வராமல் அந்த வீட்டை நாடிப் போவது பண்பாகாது. 260 நாள் கொண்ட பழைய நாட்காட்டியைக் கணித்து நாள் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் மேட்டுநிலச் சிற்றூர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

தொல்லியல் ஆர்வத்துக்கும் இவ்வழியில் இடமுண்டு. வடக்குக் குவாத்தமாலாவின் கர்மெலித்தா ஊர்க் கூட்டுறவு, காட்டுக்குள் இருக்கும் எல் மிரடோர் நகருக்கு ஐந்து அல்லது ஆறு நாள் நடைப்பயணம் நடத்துகிறது. கோவேறு கழுதைகள் சுமையைச் சுமக்கும்; இரவில் கூடாரம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே செழித்த அந்நகரின் தாந்தா பிரமிடு 72 மீட்டர் உயரம். உடல் வலு இல்லாதவர்களுக்கு இது ஏற்றதன்று. மழைக்காலத்தில் சேறு முழங்கால் வரை ஏறும்.

இந்தப் பயணங்களின் மறைமுகச் செலவு பெரும்பாலும் பணமாக இருப்பதில்லை. வழிகாட்டி ஸ்பானியம் மட்டுமே பேசலாம். மொழிபெயர்ப்பாளருக்குத் தனியே கொடுக்க நேரலாம். நேர ஒழுங்கு தளர்வாக இருக்கும். இணையத்தில் முன்பதிவு வசதி இராது. நெசவு விளக்கத்தின் முடிவில் துணி வாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். அதை நியாயமான எதிர்பார்ப்பாகவே நான் காண்கிறேன், ஏனெனில் விளக்கத்துக்கு அவர்கள் பெரும்பாலும் எதுவும் வாங்குவதில்லை. படம் எடுப்பதில் கட்டுப்பாடு கடுமையானது. மெக்சிகோவின் சான் ஹுவான் சமூலா தேவாலயத்தில், பைன் இலைகள் பரப்பிய தரையில் மெழுகுவத்திகள் ஏற்றி மக்கள் வேண்டிக்கொள்ளும் இடத்தில் படம் எடுக்கவே கூடாது.

பெயரில் மட்டும் ‘சமூகச் சுற்றுலா’ என்று போட்டுக்கொள்ளும் நிறுவனங்களும் உள்ளன. கட்டணத்தை யார் வாங்குகிறார்கள், கூட்டுறவுக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை என்றால், ஊருக்கே போய்க் கூட்டுறவு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

## கலந்து எடுப்பது

இவை நான்கும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. மெக்சிகோவில் நான்கு நாள் மட்டும் இருப்பவர், இரண்டு இரவு வயாதொலித்தில் தங்கி, காலையில் வாசல் வழிகாட்டியுடன் சிச்சேன் இட்சாவைப் பார்ப்பது போதும். யுகத்தானின் தலைநகர் மெரிதாவில் இருப்பவருக்குச் சிச்சேன் இட்சாவைவிட உஷ்மல் தளம் அமைதியானது, சிற்ப வேலையிலும் ஈர்ப்பானது என்பது என் கருத்து. அங்கும் வாசலில் வழிகாட்டிகள் கிடைப்பார்கள். குவாத்தமாலாவுக்கு ஒரு வாரம் ஒதுக்கக்கூடியவர், டிக்காலில் ஓர் இரவும் அத்தித்லானில் மூன்று இரவுகளுமாகப் பிரித்துக்கொண்டால், பழைய நகரத்தையும் வாழும் மக்களையும் சேர்த்தே அறியலாம்.

எந்த நிறுவனத்திடம் பதிவு செய்தாலும், பணம் கட்டும் முன் நான்கு விடைகளை எழுத்தில் பெறுங்கள்: தளத்துக்குள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்போம், எல்லா நுழைவுக் கட்டணங்களும் விலையில் அடங்குமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அந்த வழிகாட்டி எந்த நாட்டின் உரிமம் பெற்றவர்? இந்த நான்கில் ஏதேனும் ஒன்றுக்கு விடை தர மறுத்தாலும் அந்த நிறுவனத்தை விட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.